அம்புலன்சுக்கு ஆள் சேர்த்த கதை

அந்தக் காலத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மா யாருக்கும் நேராகச் சொன்னதில்லை. "ஆஸ்பத்திரிப் பக்கம்" என்பார். ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தையில் பக்கத்து வீட்டுக்காரி, "உங்கட மகள் அம்புலன்சில போறதைக் கண்டனான்" என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டு நின்ற மீன்காரர், "ஐயோ, இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று விசாரித்தாராம். அம்மா அன்று மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தரும சங்கம் இரண்டு பழைய வான்களை அம்புலன்சாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் நான் உதவியாளர். முதலுதவிப் பயிற்சியும் ஆறு மாத ஆஸ்பத்திரிப் பழக்கமும் உண்டு, வயது இருபத்தேழு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது தட்டெழுத்துப் படிப்பதாகத்தான் யோசனை. தட்டெழுத்து வகுப்பில் இடம் இல்லை, முதலுதவி வகுப்பில் இருந்தது. என் சேவை மனப்பான்மையின் தொடக்கம் அவ்வளவுதான்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. கிழமைக்கு ஒரு புதுத் திட்டம் போடுவார். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "ஏ லெவல் எழுதிப்போட்டு ரிசல்ட் வருமட்டும் பிள்ளையள் வீட்டில சும்மா இருக்குதுகள். ஆளுக்கு ஒராளை மூன்று மாதம் உங்களோட விடப்போறன். இந்த வேலையைப் பழக்குங்கோ. பத்துப் பேரில ஒராள் மிஞ்சினாலும் லாபம்" என்றார். எங்களுக்கு "வழிகாட்டி" என்ற பட்டமும் கிடைத்தது. எனக்கே வழி தெரியாத தொழிலில் நான் வழிகாட்டியானேன்.

வந்தவர்கள் ஆறு பேர். என் பங்குக்குக் கிடைத்தவள் கொட்டாஞ்சேனைப் பெண். பத்தொன்பது வயது, ஒல்லி, வெள்ளைச் சப்பாத்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவளுடைய தாய் தகப்பன் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். தகப்பன் துறைமுகத்தில் வேலை. தாய் ஒரு தையல் கடையில்.

முதல் நாள் அவளுக்கு அரை மணி நேரப் பிரசங்கம் வைத்திருந்தேன். மனித உயிரின் மதிப்பு, கடமை, நிதானம் என்று மூன்று தலைப்பு. அவள் கொப்பியைத் திறந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "மிஸ், ஒரு டவுட்" என்றாள்.

"கேளும்."

"வழியில அவசரமா பாத்ரூம் வந்தா என்ன செய்வீங்க?"

ஐந்து வருடமாக அந்த வேலை செய்தவளுக்கு அது மிக நியாயமான கேள்வி என்று தெரியும். ஆனாலும் என் பிரசங்கத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. வானின் முன்சீட்டில் இருந்த சாரதி சத்தமில்லாமல் குலுங்கிச் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. அவர் சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர். என்னைத் தங்கை முறையில் நங்கி என்பார், அவளை முதல் நாளே மகள் முறையில் "துவ" ஆக்கிவிட்டார்.

முதல் அழைப்பு ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்தது. வெங்காயம் வெட்டிய சமையற்காரர் சேர்த்துக் கையையும் வெட்டிவிட்டார். காயம் பெரிதில்லை, இரத்தம்தான் தாராளம். நான் துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பாரும், இப்பிடி உயர்த்திப் பிடிக்கவேணும்" என்று பாடத்தை ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் வழிகாட்டப்பட வேண்டியவள் ஒட்சிசன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி மெல்லச் சரிந்துகொண்டிருந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் அவளைப் போட்டோம். சமையற்காரர் வெட்டுப்பட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளுக்கு ஒரு மட்டையால் விசிறிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தாதி எட்டிப் பார்த்து, "யார் நோயாளி?" என்று கேட்டபோது அவர் பெருந்தன்மையோடு அவளைக் காட்டினார்.

"நங்கி, இன்னைக்கு ரெண்டு பேஷண்ட்" என்றார் சாரதி. "நல்ல பிஸ்னஸ்."

அவளை இனிக் காணமாட்டேன் என்றுதான் நினைத்தேன். அறிக்கையில் "பயிலுநர் சிறிது ஓய்வெடுத்தார்" என்று எழுதி வைத்தேன். அடுத்த நாள் காலையில் அவள் எனக்கு முன்பே வந்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பார்சல்.

"ஏழு தையல் போட்டிருக்காம் மிஸ். நான் வாட்டுக்குப் போய்ப் பாத்தனே. அவர் கடைக்குச் சொல்லி விட்டாரு, இந்தாங்க ரொட்டி. எனக்கு ஒடம்பு எப்பிடின்னு கேட்டாரு."

அந்த ஐந்து வருடத்தில் நான் கொண்டுபோய் இறக்கிய யாரையும் பிறகு போய்ப் பார்த்ததில்லை. எங்கள் வேலை ஆஸ்பத்திரி வாசலோடு முடிகிறது என்பதுதான் எனக்குச் சொல்லித்தந்த பாடம். அதை அவளுக்கும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ரொட்டி நன்றாக இருந்தது. வாய் வேறு வேலையில் இறங்கிவிட்டது.

இரண்டாம் கிழமையில் தாய் வந்தார். வானைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். வீடு வாங்க வந்தவர் போலக் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல ஏறினா டொக்டர் ஆகலாமா மிஸ்?"

"டொக்டரிட்டக் கொண்டுபோகலாம் அம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது என்ன வேலைன்னு ஆளுகளுக்குச் சொல்றது? நாளைக்குக் கல்யாணம் பேச வந்தா?"

"அதுக்கு எனக்கும் மறுமொழி தெரியாதம்மா. தெரிஞ்சால் முதலில என்ரை அம்மாவுக்குத்தான் சொல்லுவன்."

அப்போதுதான் அவர் என் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மகளை நினைத்து வந்த கவலையில் பாதியை எனக்கு மாற்றிவிட்டார் என்று நினைக்கிறேன். போகும்போது, "நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமான ஒழுங்கையில் ஒரு மாடி வீடு. பகல் பதினொரு மணி. எழுபது வயது ஐயா ஒருவருக்கு நெஞ்சு நோ. வியர்த்து ஒழுகிக்கொண்டு கட்டிலில் இருந்தார். மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. நான் ஒட்சிசன் கொடுத்து, பிரஷர் பார்த்து, "பயப்பிடாதேங்கோ ஐயா, வாங்கோ போவம்" என்றேன்.

"ஐசி இல்லாமல் நான் வெளிக்கிடமாட்டன்" என்றார் அவர்.

ஐசி என்றால் அடையாள அட்டை. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் உள்ள தமிழர் மூச்சு இல்லாமல் வெளியே போனாலும் போவார், அது இல்லாமல் போகமாட்டார். மனைவி தேடி எடுத்தார். பிறகு ஐயா, பொலிஸ் பதிவுத் துண்டு வேண்டும் என்றார். அந்த வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வாங்கிய தாள். அது அலுமாரியில் இரண்டாம் தட்டில் என்றார். இல்லை. மெத்தைக்குக் கீழே என்றார். இல்லை. பிறகு கிராம சேவகரின் கடிதம் என்றார்.

நான் பொறுமை இழந்தேன். "ஐயா, உங்களுக்கு ஹார்ட் அட்டாக் வரப்பார்க்குது. கடதாசியை விடுங்கோ!" என்று சத்தம் போட்டேன். அவர் ஒட்சிசன் மூடியைக் கழற்றி, "பிள்ளை, ஹார்ட் அட்டாக் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவினம். துண்டு இல்லாட்டி எங்க கொண்டுபோவினம் எண்டு தெரியுமோ?" என்றார்.

எனக்குத் தெரியும். போன மாதம்தான் துண்டு இல்லையென்று என் ஒன்றுவிட்ட தம்பியை இரண்டு நாள் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்து பிறகு விட்டார்கள்.

என் பயிலுநர் பெண் அதற்குள் சமையலறையிலிருந்து ஒரு சந்தைப் பையை எடுத்து வந்துவிட்டாள். கட்டிலடியில் குந்தியிருந்து, "ஐயா, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் போடுறேன். நீங்க பைய மட்டும் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள். அவர் சொன்னார், அவள் போட்டாள். அடையாள அட்டை, கடிதம், பென்ஷன் புத்தகம், மூக்குக் கண்ணாடி. பதிவுத் துண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கடிகாரத்தின் பின்னால் இருந்தது. கடைசியாகப் பொய்ப்பல். பையை அவர் மடியில் வைத்தாள். ஐயா அதைக் கட்டிப்பிடித்தார். நாடியைப் பார்த்தேன். ஓட்டம் தணிந்திருந்தது.

எல்லாம் நாலு நிமிடத்துக்குள். நான் சத்தம் போட்டே அதைவிட அதிக நேரம் வீணாக்கியிருப்பேன்.

காலி வீதியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பின்கதவைத் திறந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். நான் என் சிங்களத்தைத் தொடங்கினேன். என் சிங்களம் புத்தகத்தில் படித்தது. வானொலிச் செய்தி மாதிரி இருக்கும் என்பார் சாரதி. தலைப்புச் செய்தி முடியுமுன் நோயாளி முடிந்துவிடுவார் என்பது அவருடைய கவலை. நான் எழுவாயைத் தேடிக்கொண்டிருக்கையில் அவள் தலையை நீட்டினாள்.

"மல்லி, சீயாகெ பப்புவ ரிதெனவா. இக்மனட்ட யண்ட ஓனெ."

தம்பி, தாத்தாவுக்கு நெஞ்சு நோகிறது, கெதியாகப் போகவேண்டும். அவ்வளவுதான். அவளைவிட ஒன்றிரண்டு வயது கூடின சிப்பாயைத் தம்பி என்று கூப்பிட்ட துணிச்சலைப் பார்த்து எனக்குத்தான் நெஞ்சு நொந்தது. அவன் முகம் சட்டென்று இளகி, கதவைச் சாத்தப்போனான்.

ஐயா விடவில்லை. பையிலிருந்து பதிவுத் துண்டை உருவி அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினார். இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை யாராவது பார்க்கத்தானே வேண்டும். சிப்பாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹரி சீயா, ஹரி", சரி தாத்தா சரி, என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். ஐயா பிழைத்தார். பத்தாம் நாள் அவள் வாட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பை இன்னும் தலகாணிக்குக் கீழதான் மிஸ் இருக்கு" என்றாள்.

அன்று ஐயாவை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அவள் என்னைக் கேட்டாள்: "மிஸ், நீங்க ஏன் எல்லாருக்கும் பயப்பிடாதீங்கன்னு சொல்றீங்க? அதச் சொன்னாத்தானே, ஓ, பயப்புடுற விஷயம்போலன்னு நெனப்பாங்க?"

"அப்ப என்ன சொல்லவேணும்?"

"தெரியல்ல. பேரக் கேக்கலாம்."

நான் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தேன். வழிகாட்டிகள் பதில் தெரியாதபோது செய்வது அது.

மூன்றாம் மாதத்தில் அது நடந்தது. ஒரு வேலை நாள் காலை. நாங்கள் சங்க அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முதலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிறகு சத்தம், அதன் பிறகு கொட்டாஞ்சேனைக் காகங்கள் எல்லாம் ஒரேயடியாக மேலே கிளம்பின. சாரதி கிளாஸை வைத்துவிட்டு, "யமு" என்றார். போவோம்.

குண்டுவெடிப்புக்குப் பயிலுநர்களைக் கூட்டிப்போகக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அவள் வானில் ஏறிக் குந்திவிட்டாள். இறங்கச் சொன்னேன்.

"நான் மயங்க மாட்டேன் மிஸ்."

"மயங்குவீர். மயங்காட்டிலும் கூட்டிக்கொண்டு போகமாட்டன். இறங்கும்."

முகம் சிவந்து இறங்கினாள். வீட்டுக்குப் போகச் சொல்ல நினைத்தேன், வீதிகளை மூடிவிட்டார்கள். "உள்ளுக்கு இரும். டெலிபோன் அடிச்சால் எடும்" என்றேன். வேலை ஒன்று கொடுக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னதுதான். செயலாளர் மற்ற வானில் போய்விட்டார்.

அங்கே கண்டதை நான் எழுதப்போவதில்லை. கண்டவர்களுக்குத் தெரியும், காணாதவர்களுக்குத் தேவையில்லை. மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மத்தியானம் ஒட்சிசன் சிலிண்டர் மாற்ற அலுவலகத்துக்கு வந்தபோது, அவள் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். கொப்பியில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. வேலைக்குப் போன ஆள் வரவில்லை என்று தேடுகிறவர்கள் ஒவ்வொரு இலக்கமாகச் சுழற்றிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் இலக்கமும் டிரெக்டரியில் இருந்தது. அவள் ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, என்ன நிறச் சட்டை, எங்கே வேலை என்று கேட்டு வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி விசாரணைப் பகுதிக்கு அரை மணிக்கொருமுறை தானே அடித்து, அங்கே பதிந்த பெயர்களையும் எழுதி வைத்திருந்தாள்.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "மிஸ், நீங்க ஏத்தின ஆளுக பேரு என்ன?" என்றாள்.

நான் ஏழு பேரை ஏற்றியிருந்தேன். ஒருவருடைய பெயரும் தெரியாது.

"ஆம்பிளையா, பொம்பிளையா? என்ன உடுப்பு?"

ஒரு பச்சைச் சேலை ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் காயங்களாகத்தான் ஞாபகம் இருந்தன. கால், தலை, கண்.

அவள் கோபப்படவில்லை. "அடுத்த முறை கேளுங்க மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் தொலைபேசிக்குத் திரும்பிவிட்டாள். பச்சைச் சேலையை எழுதிக்கொண்டாள்.

அடுத்த முறை கேட்டேன். கண்ணாடி குத்திய கண்ணோடு கிடந்த ஒரு மனிதர், பெயரைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு பெயரையும், மனைவியின் பெயரையும், இரத்மலானையில் வீட்டு இலக்கத்தையும் சொன்னார். சொல்லி முடியுமட்டும் முனகவில்லை. ஆஸ்பத்திரித் தொலைபேசியில் அதை அவளுக்குச் சொன்னேன். "அந்தப் பொம்பிளை ஆறு தரம் எடுத்தாங்க மிஸ்" என்று கத்தினாள். என் காது அடைத்துப்போயிற்று. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சத்தம் அதுதான்.

பின்னேரம் ஐந்து மணிக்கு நாங்கள் திரும்பினோம். அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஒரு அம்மா மகனத் தேடினாங்க" என்றாள். "நீலச் சட்டை. அப்புறம் ஆஸ்பத்திரியில பேரு சொன்னாங்க, உயிரோட இருக்கிற ஆளுக லிஸ்ட்டுல இல்ல. மறுபடியும் அந்தம்மா எடுத்தாங்க. நான் ஆஸ்பத்திரிக்கு நேரில போங்க, தனியாப் போகாதீங்கன்னு சொன்னேன். எனக்குத் தெரியும்னு சொல்லல்ல. நான் பொய் சொன்னனா மிஸ்?"

என் மூன்று தலைப்புப் பிரசங்கத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. "தெரியாது பிள்ளை" என்றேன். "தனியாப் போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு வந்திராது."

அவள் அப்போதுதான் அழுதாள். சாரதி பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து, சீனியை அள்ளிக் கொட்டி அவள் முன்னால் வைத்தார். பிறகு தன் கைலேஞ்சியைக் கொடுத்தார். அது என்ஜின் எண்ணெய் துடைத்த லேஞ்சி. அழுது முடிந்தபோது அவள் முகத்தில் இரண்டு கறுப்பு மீசை. எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. அன்று சிரித்ததற்காக எனக்குக் கன காலம் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

ரிசல்ட் வந்தது. வைத்தியப் படிப்புக்குப் புள்ளி போதாது. தாய் வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராகக் கதிரையின் நுனியில் இருந்தேன்.

"அந்த இரத்மலானைப் பொம்பிளை எங்க வீட்டத் தேடி வந்துச்சு மிஸ்" என்றார் தாய். "சிங்களப் பொம்பிளை. வாழைப்பழமும் கொண்டு வந்துச்சு. ஒங்க மக சொல்லித்தான் எம்புருஷன் இருக்கிற எடம் தெரிஞ்சுதுன்னு என் கையைப் பிடிச்சு அழுதுச்சு. எங்க லைன் வீடுகள்ல எல்லாரும் பாத்தாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த டெலிபோன் வேலைக்குச் சம்பளம் உண்டா?"

அதுவரை அப்படி ஒரு வேலையே சங்கத்தில் இல்லை. செயலாளருக்குப் புதுத் திட்டம் ஒன்று போடக் காரணம் கிடைத்துவிட்டது. ஆறு பேரில் மிஞ்சியவள் அவள் ஒருத்தி. அவளை நான்தான் உருவாக்கினேன் என்று செயலாளர் கூட்டத்தில் பேசினார். நான் மறுக்கவில்லை. அவளும் மறுக்கவில்லை, பின்வரிசையில் இருந்து சாரதியைப் பார்த்துக் கண்ணடித்ததை மட்டும் நான் கண்டேன்.

அடுத்த வருடம் வந்த பிள்ளைகளை அவள் பொறுப்பில் விட்டார்கள். பிரசங்கம் கிடையாது. முதல் நாளே தொலைபேசியை அவர்கள் முன்னால் வைத்து, தான் அடுத்த அறையிலிருந்து பதறிப்போன மனிதராக அழைத்துக் கதைப்பாள். மாமியாருக்கு மூச்சு வரவில்லை என்பாள், முகவரியை மட்டும் சொல்லமாட்டாள். பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும். ஒருநாள் உண்மையாகவே தெஹிவளையிலிருந்து ஒருவர் மாமியாருக்காக அழைத்தபோது, ஒரு பிள்ளை, "அக்கா, இன்னைக்கு ஆம்பிளைக் குரல் நல்லாச் செய்றீங்க" என்றதாம். நல்லவேளை, அந்த மருமகன் சிரித்துவிட்டார். மாமியாருக்கும் ஒன்றுமில்லை, வாய்வு.

யுத்தம் முடிகிற காலத்தில் அவளுடைய அறையில் நாலு தொலைபேசிகள் இருந்தன, மூன்று மொழியிலும் கதைக்கிற ஒன்பது பேர் இருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி என் முதுகு போயிருந்தது. வானை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் எனக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். தொலைபேசி அறையில் வேலை, முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், திருப்தியில்லாவிட்டால் நீடிக்கப்படும் என்று தட்டெழுத்தில் இருந்தது.

"எனக்கும் புரபேஷனோ?" என்று கேட்டேன்.

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே மிஸ்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

ஆறாம் மாத முடிவில், சிங்களத்தில் இன்னும் முன்னேற்றம் தேவை என்று எழுதிவிட்டு என்னை நிரந்தரமாக்கினாள்.